உச்சிக் கவையில் இரண்டு பேர்

எங்கள் ஜெபவீட்டுக்குப் பின்னால், ஓடைக்கரையில், ஒரு நாட்டு மாமரம் நின்றது. அதன் காய் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. பழுத்த பிறகும் அந்தப் புளிப்பு முழுதாகப் போகாது. ராஜபாளையத்துத் தோப்புகளில் பிஞ்சு பிடித்ததுமே குடிசை போட்டுக் காவல் இருக்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் மரத்துக்குக் காவலும் இல்லை, குத்தகையும் இல்லை. அணில்கூட ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டுவிடும். ஒன்பது வயதிலிருந்து நான் அதில் இஷ்டம்போல ஏறி இறங்க முடிந்ததற்கு அந்தப் புளிப்புத்தான் காரணம்.

அப்பா உபதேசியார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் நாலு மைல் வந்து, மேற்கே வண்டிப்பாதையில் இறங்கினால் எங்கள் ஊர். நாற்பது வீட்டுச் சபை. ஓடு வேய்ந்த ஜெபவீடு, அதை ஒட்டி உபதேசியார் குடும்பத்துக்கென்று இரண்டு அறை வீடு, சுற்றிலும் கள்ளிவேலி, வேலிக்கு அப்பால் மரம். இதெல்லாம் முப்பதுகளின் நடுவில்.

அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க என் இரண்டு கையும் எட்டாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மரம் இரண்டாகப் பிரியும். அதை நான் முதல் கவை என்று வைத்திருந்தேன். அதுவரை ஏறுவதுதான் கஷ்டம். ஓடைப்பக்கம் அடிமரத்தில் ஒரு முண்டு புடைத்திருக்கும். அதில் இடது காலை வைத்து, மேலே இருக்கிற பொந்தின் விளிம்பில் விரல்களை மாட்டி, வலது முட்டியைத் தூக்கிக் கவைக்குள் போட வேண்டும். பொந்தில் கை வைக்குமுன் ஒரு குச்சியால் உள்ளே குத்திப் பார்ப்பேன். ஒருதடவை ஓணான் ஒன்று வெளியே பாய்ந்தது. அதற்குப் பிறகு எதுவும் வந்ததில்லை, ஆனாலும் குத்தாமல் கை வைத்ததில்லை.

முதல் கவைக்கு மேலே எல்லாம் சுலபம். படிக்கட்டு மாதிரி கொப்புகள் வரும். பட்டுப்போன கொப்பை மட்டும் தட்டிப் பார்த்து ஒதுக்க வேண்டும். மேற்கே ஒரு கொப்பு கிடையாகப் போகும். அதில் மல்லாந்து படுக்கலாம். அதற்கும் மேலே, பனை உயரத்தில் முக்கால் இருக்கும், மூன்று கிளைகள் சேருகிற இடம் உச்சிக் கவை. அங்கே உட்கார்ந்தால் மேற்கே மலை முழுதாகத் தெரியும். வடக்கே தென்னைகளுக்கு மேலாக ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கட்டைவிரல் அளவு நிற்கும். கிழக்கே ரயில் தெரியாது, அதன் புகை மட்டும் தெரியும். புகை வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் அது மறைகிறவரை பார்ப்பேன். அவ்வளவுதான் அங்கே எனக்கு வேலை. யாராவது கேட்டிருந்தால் எதற்காக ஏறுகிறேன் என்று சொல்லத் தெரிந்திருக்காது. அந்த வயதில் யாரும் கேட்கவுமில்லை.

பதிமூன்று வயதில் நான் பெரியபிள்ளையானேன். சடங்கெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா எனக்கு ஒரு தாவணி எடுத்துக் கொடுத்து, கொடுத்த கையோடு சொன்னாள்.

"இனி மரத்துப் பக்கம் ஒன்னையப் பாத்தேன், காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

அம்மா போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சபையில் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள், நோயாளிகள் வீட்டுக்கு முதல் ஆளாகப் போகிறவள். வாய் மட்டும் கொஞ்சம் முந்தும். காலை ஒடிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்ன பிறகு அதைச் செய்கிற தைரியம் எங்கள் வீட்டில் அப்பா உட்பட யாருக்கும் கிடையாது. ஒரு வருஷம் மரத்தைச் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

அந்த வருஷம் தை மாதம் என் அண்ணனுக்குக் கல்யாணமானது. அண்ணன் சுந்தரபாண்டியத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொரு வாத்தியாரோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் வந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திரும்பிவிடுவான். அங்கே வீடு கிடைக்கும்வரை மதினி எங்களோடு இருப்பதென்று முடிவானது.

மதினிக்கு ஊர் தேவதானம். வயலும் கிணறும் உள்ள குடும்பம். பத்தொன்பது வயது இருக்கும். நல்ல உயரம், பெரிய கைகள். வந்து ஒரு மாதம்வரை அவள் வாயிலிருந்து நான் கேட்டது 'சரிங்கத்தை' என்ற ஒரு வார்த்தைதான். விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பாள், தண்ணீர் எடுப்பாள், மாவு ஆட்டுவாள். சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அவள் முறை வரும் நேரத்தில் பெரும்பாலும் தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

"தேவதானத்துல உப்பு சும்மா கெடைக்குதோ?" என்றாள் அம்மா.

அம்மா அதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னாள். அப்பாவும் நானும் சிரித்தோம். மதினி "சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

புதன்கிழமை தோறும் அம்மா பக்கத்துக் குடியிருப்பில் மாதர் ஜெபக்கூட்டம் நடத்தப் போவாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குடையும் வேதாகமமும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வருவாள். அப்பா அநேகமாக வெளியூரில் இருப்பார். மாசியில் ஒரு புதன்கிழமை, நான் ஜன்னலண்டை நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மதினி என் பின்னால் வந்து நின்றாள்.

"ஏ பிள்ள, அந்த மரத்துல ஏறத் தோதா இருக்குமா?"

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஓடைப்பக்கம் ஒரு முண்டு இருக்கு மதினி" என்றேன்.

"நீ ஏறியிருக்கியா?"

"உச்சி வரைக்கும்."

அவள் சுளகை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். வேலித் திட்டிவாசலைத் திறந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மரத்தடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஓடையில் தண்ணீர் வற்றியிருந்தது, ஆள் நடமாட்டம் இல்லை. சேலையை முட்டிக்குமேல் தூக்கித் தார்பாய்ச்சிக் கட்டி, முந்தியை இடுப்பைச் சுற்றி இறுக்கினாள். அவளுக்கு முண்டும் தேவைப்படவில்லை, பொந்தும் தேவைப்படவில்லை. அடிமரத்தில் இரண்டு உள்ளங்கால்களையும் பதித்து, கைகளால் தழுவி, நாலே தள்ளலில் கவையில் இருந்தாள். அங்கேயிருந்து கை நீட்டினாள்.

"வா."

அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. குச்சியால் பொந்தைக் குத்திவிட்டு ஏறினேன்.

உச்சிக் கவையில் இரண்டு பேர் உட்கார முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதுகை ஆளுக்கொரு கிளையில் சாய்த்து, கால்களை நடுவில் நீட்டிக்கொண்டால் போதும். மதினி மேற்கே மலையைத் தெற்குக் கோடிவரை கண்ணால் தடவிக்கொண்டே போனாள்.

"அந்தா, அந்த மொட்டைப் பாறைக்கு அங்கிட்டு எங்க ஊரு" என்றாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அவர்கள் கிணற்றடியில் இருந்த நாவல் மரத்தைப் பற்றி, அதில் கொப்பு முறிந்து அவள் தம்பி கிணற்றுக்குள்ளேயே விழுந்ததைப் பற்றி, தூக்கி வெளியே போட்டதும் அவன் முதலில் கேட்டது மடியில் இருந்த பழம் என்னாச்சு என்பதைப் பற்றி. சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது. வீட்டுக்குள் இத்தனை நாளாக இருந்தவள் இவள்தானா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழ ஏன் மதினி பேசமாட்டேங்கிறீங்க?"

"கீழ என்னத்தப் பேச? அத்தை பேசுறது அம்புட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கு. நான் வாயத் தொறந்தா அதுக்குப் பக்கத்துல நிக்குமா?"

அதற்குப் பிறகு எந்தப் புதன்கிழமையும் தவறவில்லை. அம்மாவின் குடை பாதைத் திருப்பத்தில் மறையும்வரை பொறுத்திருப்போம். ஏறினால் ஒரு மணி நேரமாவது மேலே இருப்போம். சில நாள் மதினி கிடைக்கொப்பில் படுத்துத் தூங்கிவிடுவாள். நான்தான் ரயில் புகையைப் பார்த்து நேரம் கணக்கிட்டு எழுப்புவேன். ஒருதடவை அவள் காம்பை ஒடித்தபோது மாம்பால் தெறித்துச் சேலையில் கறுப்பாகப் படிந்துவிட்டது. எது போட்டும் போகவில்லை. அம்மா கேட்டபோது, கிணற்றடியில் ஏதோ பட்டுவிட்டது என்றாள். அதன் பிறகு ஒரு பழைய சேலையை வைக்கோல் படப்புக்குள் மறைத்து வைத்து, ஏறுவதற்கென்று அதை உடுத்திக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. பங்குனி வெயில். அன்றும் புதன்கிழமைதான். நாங்கள் உச்சிக் கவையில் உட்கார்ந்து ஆளுக்கொரு மாம்பிஞ்சை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்தோம். அம்மா போய் அரை மணி நேரத்துக்குள் அவள் குடை திரும்பி வந்தது. அதன் பின்னால் ஆறேழு பெண்கள். கூட்டம் நடக்கிற வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததாம். அதனால் எல்லோரையும் எங்கள் ஜெபவீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அவர்கள் ஜெபவீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள அடுப்பா வேகுது, மரத்தடியில பாயப் போடுவோம்" என்று சொன்னதுதான்.

இறங்க நேரமில்லை. மதினி என் வாயில் இருந்த பிஞ்சைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். நான் கடித்தால் சத்தம் வரும் என்று பயந்தாள்.

அம்மா வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஏட்டி" என்று என்னைக் கூப்பிடுவது கேட்டது. பதில் வராததால், "ரெண்டு பேரும் தண்ணிக்குப் போயிருக்காக போல" என்று சொல்லிக்கொண்டே பாய்களைச் சுருட்டி எடுத்து வந்தாள். நேராக எங்களுக்குக் கீழே விரித்தாள்.

பாட்டுப் பாடினார்கள். அம்மா வேதாகமத்திலிருந்து வாசித்து விளக்கம் சொன்னாள். எனக்கு வலது கால் மரத்துப்போனது. அதைவிடப் பெரிய கஷ்டம் முசுறு. மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்பு அது. கடித்தால் ஊசி ஏற்றினது மாதிரி இருக்கும். சாதாரணமாக நாங்கள் அதன் கூடுகளை விட்டுத் தள்ளி உட்காருவோம். அன்று அசையாமல் இருந்ததால் ஒரு வரிசை என் தோள் வழியாகவே பாதை போட்டுவிட்டது. மதினி கையை மெதுவாக நீட்டி, என் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து விரலால் நசுக்கினாள். அவள் கையிலும் அவை ஏறின. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

கீழே ஒரு கைக்குழந்தைக்காரி தன் பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்தியிருந்தாள். பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும். அது எங்களைப் பார்த்துவிட்டது. முதலில் உற்றுப் பார்த்தது. பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. இரண்டு கைகளையும் எங்களை நோக்கி ஆட்டியது. எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார்கள். குழந்தைக்காரி மட்டும் கண்ணைத் திறந்து, பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று மேலே அண்ணாந்தாள். அவள் பார்வை என் முகத்தில் நின்றது. அங்கிருந்து மதினிக்குப் போனது. அவள் தலையைக் குனிந்து, பிள்ளையைக் குப்புறப் புரட்டிப் போட்டு, முதுகில் தட்டிக்கொண்டே மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொருவராகத் தங்கள் பாரத்தைச் சொல்லி ஜெபித்தார்கள். புருஷன் குடி, மாட்டுக்கு நோய், மழை. கடைசியில் அம்மா. அவள் எப்போதும் மற்றவர்களுக்காகத்தான் ஜெபிப்பாள். அவள் ஜெபம் மதினி சொன்னது போல அச்சடித்த மாதிரிதான் இருக்கும். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது. பிறகு ஜெபத்தின் பேச்சாக இல்லாமல் வீட்டுப் பேச்சாகப் பேசினாள்.

"ஆண்டவரே, எம் மருமக எங்கிட்டப் பேசமாட்டேங்கிறா. வந்து ரெண்டு மாசமாச்சு. நான் என்ன சொன்னாலும் சரிங்கத்தைங்கிறா. எம் மாமியா வீட்டுல நானும் இப்படித்தான் வாயக் கட்டிக் கெடந்தேன், ஏழு வருசம். எனக்கு ஒரு மருமக வந்தா அப்படி இருக்க விடமாட்டேன்னு நெனச்சிருந்தேன். இப்ப என்னையக் கண்டு அவ பயந்து கெடக்கா. எனக்கு இந்த வாயி மட்டும்தான் இருக்கு, அது முந்திருது. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

அவள் அழுதாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, இலைகளுக்கு நடுவே அவள் உச்சிவகிடு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தி அவள் முதுகில் கை வைத்தாள். நான் மதினியைப் பார்க்கப் பயந்துகொண்டு ரயில் வருகிற திசையைப் பார்த்தேன். கடைசியில் பார்த்தபோது, அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்புகள் அவள் முழங்கை வரை ஏறியிருந்தன.

கூட்டம் முடிந்தது. பெண்கள் போனார்கள். குழந்தைக்காரி போகும்போது மேலே பார்க்கவே இல்லை. அம்மா மட்டும் நின்று பாய்களை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குள் போனதும் பின்பக்கமாக இறங்கி, ஓடை வழியாகக் குடத்தோடு வந்துவிடலாம் என்று நான் மனதுக்குள் வழி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தை" என்றாள் மதினி.

நான் அவள் காலைப் பிடித்து அமுக்கினேன். அவள் மறுபடி கூப்பிட்டாள்.

அம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள். ஜெபவீட்டுப் பக்கம் பார்த்தாள். "எங்கேருந்து கூப்பிடுத?" என்றாள்.

"மேல இருக்கேன் அத்தை."

அம்மா அண்ணாந்தாள். எங்களைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"எறங்குங்க" என்றாள்.

இறங்கினோம். எனக்குக் கால் மரத்திருந்ததால் முதல் கவையிலிருந்து மதினி என்னைக் கையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டியிருந்தது. அம்மா என் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள். இறக்கிவிட்டதும் ஒரு அறை அறைந்தாள்.

"எம்புட்டு நேரமா இருந்தீக?"

"நீங்க வாரதுக்கு முன்னாலயே ஏறிட்டோம் அத்தை."

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அம்மா சுருட்டிய பாய்களில் இரண்டை மதினி கையில் கொடுத்தாள். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அடுக்களையில் அம்மா ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள், எறும்புக்கடிக்கு.

"எதுக்கு மதினி கூப்பிட்டீங்க? சும்மா இருந்திருந்தா தெரிஞ்சிருக்காதுல்ல" என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். கன்னம் எரிந்தது.

"கேட்டுப்போட்டுக் கேக்காத மாதிரி எப்படி ஒரே அடுக்களையில நிக்க?" என்றாள்.

அடுத்த மூன்று நாள் அம்மா பேசவில்லை. கோபத்தில் பேசாமல் இருந்தால் எங்களுக்குத் தெரியும். பாத்திரங்கள் சத்தம் போடும். இது அப்படி இல்லை. அப்பா ஊரிலிருந்து வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மரத்தைப் பற்றி அவரிடம் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை அண்ணன் வந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் அம்மா அவனிடம், "ஒம் பொண்டாட்டிய ஒங்கூடக் கூட்டிட்டுப் போயிரு" என்றாள்.

அண்ணன் திகைத்துப் போனான். "அங்க எங்கம்மா வைக்க? ரெண்டு வாத்தியாரு ஒரு ரூம்புல இருக்கோம்."

"எப்படியாவது ஒரு வீடு பாரு."

"என்ன தப்புச் செஞ்சா?"

"அவ ஒண்ணும் செய்யல. எனக்குத்தான் அவ முகத்தப் பாக்க முடியல" என்றாள் அம்மா. அவள் குரல் இறங்கியிருந்தது. அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மதினி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தாள்.

"நான் போகல" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அத்தை, நீங்க சொன்னத நான் கேட்டுட்டேன். அதுக்குப் பதிலா நானும் ஒண்ணு சொல்லிருதேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ரெண்டாங் கிளாசோட நிப்பாட்டிட்டாக. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஒரு வசனத்துக்கு அரைமணி நேரம் ஆகும். உபதேசியார் வீடு, எல்லாம் படிச்சவுகன்னு சொல்லித்தான் கட்டிக்கொடுத்தாக. தெரிஞ்சா என்ன நெனைப்பீகளோன்னு தலைவலின்னு படுத்துக்கிட்டேன். பேச்சுக் கொடுத்தா எப்படியும் வெளிய வந்துரும்னு பேசல. வேற ஒண்ணுமில்ல."

அண்ணனுக்கும் அதுவரை தெரியாது.

"இதுக்கா?" என்றாள் அம்மா. பிறகு, "ஒங்க மாமாவே கண்ணாடி இல்லேன்னா பாதி வசனத்த மனசுல இருந்துதான் சொல்லுதாரு. நான் ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்ல" என்றாள்.

அப்பா அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கேட்டாரா என்று தெரியாது. கேட்டிருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்கால ஜெபத்தில் மதினியின் முறை வந்தபோது அம்மா, "நீ வசனத்துக்குப் பதிலா ஒரு பாட்டுப் பாடு" என்றாள். மதினி பாடினாள். கணீரென்ற குரல், தெருவரை கேட்டிருக்கும். இரண்டு மாதமாக அந்தக் குரல் எங்கள் வீட்டில்தான் இருந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கோடை முடியும்போது அவள் தானாகவே ஒரு வசனம் வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மரத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நாங்களும் போகவில்லை. படப்பில் ஒளித்து வைத்திருந்த பழைய சேலையை அம்மா எப்படியோ கண்டெடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். சித்திரை கடைசியில் ஒருநாள் காலை, அம்மா அடுக்களை ஜன்னலருகே நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்:

"ஊறுகாய்க்குப் புளிச்ச காய்தான் நல்லது. சந்தையில வாங்குறது நாலு மாசம் தாங்க மாட்டேங்குது. அந்த மேக்கொப்புல கொத்துக் கொத்தாக் கெடக்கு. கீழ விழுந்து அடிபட்டா ஆகாது. ஏறித்தான் பறிக்கணும்."

மதினியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒரு கயிறும் ஓலைப்பெட்டியும் இருந்தா எறக்கிறலாம் அத்தை" என்றாள் மதினி.

"படப்புக்குப் பக்கத்துல கெடக்கு, எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

அன்று காலை முழுதும் மரத்தில் இருந்தோம். மதினி கொப்பின் நுனிவரை போய்க் காயைக் காம்போடு ஒடிப்பாள். நான் நடுவில் உட்கார்ந்து வாங்கிப் பெட்டியில் போட்டுக் கயிற்றை விடுவேன். அம்மா கீழே நின்று அவிழ்த்துக்கொள்வாள். மதினி நுனிக்குப் போகும்போதெல்லாம் அம்மா, "போதும், அங்க போகாத, அது மெலிசா இருக்கு" என்பாள். மதினி, "இது தாங்கும் அத்தை, நீங்க செத்த தள்ளி நில்லுங்க" என்பாள். காய் போதுமென்று ஆன பிறகும் நாங்கள் இறங்கவில்லை. அம்மாவும் இறங்கச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

உப்புப் போடுவதில்தான் சண்டை வந்தது. அம்மா ஒரு கணக்குச் சொன்னாள். தேவதானத்தில் அதைப்போல ஒன்றரைப் பங்கு போடுவோம், அப்போதுதான் பூசணம் பிடிக்காது என்றாள் மதினி. "ஒங்க ஊரு உப்பு எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "தெரிஞ்சா போடுங்க, ஆடியில பூத்துப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றாள் மதினி. உள்ளறையில் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, என்ன சத்தம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, பேசிக்கிட்டிருக்கோம். நீங்க போயி எழுதுங்க" என்றாள் அம்மா.

இரண்டு ஜாடியில் இரண்டு விதமாகப் போட்டார்கள். எது நன்றாக இருந்தது என்று இப்போது ஞாபகமில்லை. இரண்டையுமே தீர்த்தோம்.

பிறகு அந்தக் குழந்தைக்காரியை ஒருநாள் ஓடைக்கரையில் பார்த்தேன். பிள்ளை இடுப்பில் இருந்தது. "அன்னைக்கு உங்கள எறும்பு கடிக்கலையாக்கும்?" என்று கேட்டாள். கடித்தது என்றேன். "நானும் சின்னப்பிள்ளையில அதுல ஏறியிருக்கேன். அந்தப் பக்கம் அப்பவே கூடு உண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு வீடு கிடைத்தது. மதினி சுந்தரபாண்டியத்துக்குப் போனாள். தலைப்பிரசவத்துக்குத் தேவதானம் போகிற வழியில் எங்களிடம் நாலு நாள் இருந்தாள். அந்த நிலையிலும் மரத்தடிவரை போய் முதல் கவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மா கையில் குடையோடு கூடவே போய்க் காவலுக்கு நின்றாள்.

எனக்குப் பதினாறு முடிந்தபோது அப்பாவைச் செட்டியார்பட்டிப் பக்கம் மாற்றினார்கள். இரண்டு மாட்டுவண்டி வந்தது. காலையிலேயே சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெபவீட்டுச் சாவியைச் சபையாரிடம் ஒப்படைக்க அப்பா போயிருந்தார். நான் வேலித் திட்டியைத் திறந்துகொண்டு மரத்துக்குப் போனேன். தாவணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பொந்தைக் குத்திப் பார்த்துவிட்டு ஏறினேன். நான் வளர்ந்திருந்ததால் முட்டியைத் தூக்குவது முன்னைவிடச் சுலபமாக இருந்தது. உச்சிக் கவையில் தனியாக உட்கார்ந்தேன். மலையில் மேகம் இறங்கியிருந்தது. மதினி காட்டிய மொட்டைப் பாறை தெரியவில்லை. ரயில் புகையும் இல்லை.

அப்பா திரும்பி வந்து என்னைக் கூப்பிடுவது கேட்டது. இரண்டு தடவை கூப்பிட்டார். வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். இலைகளுக்கு நடுவே வண்டியின் மேல் அம்மா தெரிந்தாள். கட்டிலின் மேல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து நேராக மரத்தைப் பார்த்தாள்.

"வருவா. செத்த நேரம் பொறுங்க" என்றாள் அப்பாவிடம்.

நான் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு இறங்கினேன். செட்டியார்பட்டி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. சாமானை இறக்கி வைத்துவிட்டு அடுப்பு மூட்ட இடம் பார்த்தோம்.